கருப்பட்டியும் ஒரு முழ நூலும்



பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. மேசையின்மேல் திருத்தப்படாத கட்டுரைப் புத்தகங்கள் ஓர் அடுக்கு. நாற்காலிக்குப் பக்கத்தில், மூடியிட்ட பிஸ்கட் டின்னுக்குள் பாதி பின்னிய போர்வை ஒன்று. பின்னறையில் கதவைச் சுரண்டிக்கொண்டு இரண்டு பூனைக்குட்டிகள். என் விடுமுறை நாள்கள் பெரும்பாலும் இவை மூன்றுக்கும் இடையில்தான் கழிகின்றன.

பின்னல் வேலையைப் பிஸ்கட் டின்னில் பூட்டி வைக்கும் பழக்கம் எனக்கு முன்பு இருந்ததில்லை. அந்த டின்னுக்கு மூடி வந்த கதையைத்தான் இன்று எழுதப்போகிறேன். எழுதலாமா, வேண்டாமா எனப் பல வாரங்கள் தயங்கினேன். பிறர் தவற்றைத் திருத்துவதையே தொழிலாகக் கொண்டவர், தம் தவற்றைப் பொதுவில் சொல்வது அத்துணை எளிதன்று. ஆயினும் இதைச் சொல்லாமல் விடுவது இன்னொரு தவறாகிவிடும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

"இந்த வெயிலில் யாருக்கு டீச்சர் கம்பளி பின்னுறீங்க?" என்று ஆசிரியர் அறையில் கேலி செய்வார்கள். நியாயமான கேள்விதான். ஈப்போவில் பிற்பகல் வெப்பம் 33, 34 பாகையைத் தொடும். ஆனால் நான் பின்னக் கற்றுக்கொண்ட இடம் ஈப்போ அன்று, கேமரன் மலை.

என் பெற்றோர் அங்குள்ள தேயிலைத் தோட்டமொன்றில் வேலை செய்தவர்கள். அங்கு இரவில் குளிர் 15 பாகைக்கு இறங்கிவிடும். கொழுந்து பறிக்கப் போகும் பெண்களுக்கு விடியற்காலைக் குளிர் சொல்லி மாளாது. தோட்ட மருத்துவமனையில் இருந்த தாதி ஒருவரிடம் அம்மா பின்னல் கற்றுக்கொண்டார். புதுநூல் வாங்க வசதியில்லை. பழைய மேலாடைகளைப் பிரித்து, நூலை நனைத்துக் காயவைத்து நெளிவு போக்கி, உருண்டையாகச் சுற்றி, எங்கள் ஐவருக்கும் குளிர்ச்சட்டை பின்னுவார். பின்னி முடித்ததும் உடனே கொடுத்துவிடமாட்டார். சன்னல் அருகே போய், துணியை இரு கைகளாலும் விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார். எங்காவது ஒரு கண்ணி நழுவியிருந்தால் அந்த இடத்தில் வெளிச்சம் தெரியும்.

"நழுவின கண்ணிய மேலாப்பல தச்சு மறைக்காதே. அது உள்ளுக்குள்ளயே கீழ இறங்கிக்கிட்டே போகும். கொக்கிய விட்டு, விட்ட எடத்துலருந்து ஒவ்வொரு வரிசையா ஏத்திக்கிட்டு வா" என்பார்.

அம்மா மறைந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. அவருடைய ஊசிகள் என்னிடம் இருக்கின்றன. மாலை வேளைகளில் கையைச் சும்மா வைத்திருக்கப் பிடிக்காமல் பின்னத் தொடங்கினேன். பின்னியதை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்குப் பூனைகள் விடையாக வந்தன.

எட்டு ஆண்டுகளுக்கு முன்பு, சிற்றுண்டிச் சாலைக்குப் பின்புறம் யாரோ ஓர் அட்டைப்பெட்டியில் குட்டிகளை விட்டுவிட்டுப் போயிருந்தனர். மாணவர்கள் அதை என் வகுப்புக்கே தூக்கி வந்துவிட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல், எங்கள் தாமானில் பூனைகளைப் பராமரித்துவந்த மலாய்ப் பெண்மணி ஒருவரைத் தேடிப் போனேன். அவர் பணி ஓய்வுபெற்ற தாதி. நாங்கள் அனைவரும் 'காக்' என்றே அழைப்போம். அன்று தொடங்கிய பழக்கம், நான் அவர் குழுவில் ஒருத்தியாகச் சேர்வதில் முடிந்தது.

குழு என்று சொன்னாலும் நாங்கள் அறுவர்தாம். எங்களுக்குக் காப்பகக் கட்டடம் ஏதும் இல்லை. அவரவர் வீட்டில் அவரவரால் இயன்ற குட்டிகளை வளர்த்து, தடுப்பூசி போட்டு, மாதம் இருமுறை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கடையின் முன்னால் கூண்டுகளை வைத்துத் தத்துக்கொடுப்போம். தெருவில் திரியும் பெரிய பூனைகளைப் பிடித்து, கருத்தடை செய்து, இருந்த இடத்திலேயே விடுவோம். அடையாளத்திற்காக, மயக்கத்தில் இருக்கும்போதே மருத்துவர் ஒரு காதின் நுனியைச் சிறிதளவு வெட்டிவிடுவார். பெட்டைப் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும்; ஒன்பது வாரத்தில் ஈன்றுவிடும். கருத்தடை செய்யாமல் குட்டிகளை மட்டும் காப்பாற்றிக்கொண்டிருப்பது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

என் பின்னலுக்கு வேலை அங்குதான் வந்தது. பிறந்து மூன்று வாரம் வரையில் குட்டிகளால் தம் உடற்சூட்டைத் தாமே காத்துக்கொள்ள இயலாது. மழை பெய்யும் இரவில் சிமெந்துத் தரையில் கிடக்கும் குட்டி, ஈப்போவிலும் குளிரால் இறந்துபோகும். அதனால் சிறு போர்வைகள் பின்னத் தொடங்கினேன். அனுபவத்தில் சிலவற்றைக் கற்றேன். ஆட்டுக்கம்பளி வெந்நீரில் துவைத்தால் சுருங்கிக் கட்டியாகிவிடும். பருத்தி நூல் காய நெடுநேரம் ஆகும். தினமும் துவைக்க வேண்டிய பொருளுக்கு அக்ரிலிக் நூலே ஏற்றது. ஓட்டையுள்ள பூவேலைப் பின்னல் கூடாது. குட்டியின் நகமும் காலும் மாட்டிக்கொள்ளும். 5 மில்லிமீட்டர் ஊசியில் 68 கண்ணிகள் போட்டு, எல்லா வரிசைகளையும் ஒரே நேர்ப்பின்னலாகப் பின்னினால் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் அகலம் வரும். சதுரமாக வேண்டுமானால் கண்ணிகளின் எண்ணிக்கையைப்போல் இருமடங்கு வரிசைகள் பின்ன வேண்டும். மிக எளிய வேலை. திருத்தும் பணி முடிந்த களைப்பில், சிந்திக்காமலே செய்யலாம்.

ஒவ்வொரு குட்டியும் தத்துப் போகும்போது, அது படுத்துறங்கிய போர்வையையும் உடன் கொடுத்தனுப்புவேன். புதிய வீட்டில் பழகிய வாசனை ஒன்று இருந்தால் குட்டி விரைவில் அமைதியடையும்.

கடந்த ஆண்டு என்னிடம் நான்கு குட்டிகள் வந்தன. கண் திறந்து சில நாள்களே ஆகியிருந்தன. முதல் மூன்றுக்கும் சுக்கு, மிளகு, திப்பிலி என்று பெயரிட்டேன். நான்காவது உச்சி முதல் பாதம் வரை கருப்பு. அதற்குக் கருப்பட்டி என்று பெயர் வைத்தேன். அதன் வால் நுனி மடங்கியிருந்தது. "யாரும்மா ஒடிச்சது?" என்று பார்ப்பவரெல்லாம் கேட்பார்கள். யாரும் ஒடிக்கவில்லை. நம் நாட்டுப் பூனைகளில் பலவற்றுக்கு வால் இப்படி மடங்கியோ குட்டையாகவோ இருக்கும். அது பிறவிக் கூறு.

மூன்று மணி நேரத்திற்கொரு முறை பால் புகட்டினேன். பசும்பால் கொடுக்கக்கூடாது, வயிற்றுப்போக்குக் கண்டுவிடும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவைத்தான் கரைக்க வேண்டும். மனிதக் குழந்தையைப்போல் மல்லாத்தி வைத்துப் புகட்டவும் கூடாது. குப்புறப் படுக்கவைத்து, தலை சற்றே நிமிர்ந்த நிலையில் புகட்ட வேண்டும். இல்லையேல் பால் நுரையீரலுக்குள் போய்விடும். சமையலறைத் தராசில் தினமும் நிறுத்துக் குறித்துவைத்தேன். நாளொன்றுக்குப் பத்துக் கிராமாவது ஏற வேண்டும். கருப்பட்டி மட்டும் சில நாள்கள் ஏறாமல் அழவைத்தது, பிறகு தேறியது.

ஒன்பதாம் வாரத்தில் அனைத்தையும் ஞாயிற்றுக்கிழமைக் கூண்டுக்குக் கொண்டு சென்றேன். செம்பழுப்பு நிறச் சுக்கும் மூவண்ணத் திப்பிலியும் அன்றே போயின. அடுத்த முறை மிளகும் போனது. கருப்பட்டி மட்டும் திரும்ப என்னுடன் வீட்டுக்கு வந்தது. நம்மவர் சிலர் கூண்டருகே வந்து, கருப்பைப் பார்த்ததும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். பூனை குறுக்கே போவதே ஆகாது என்போர், கருப்புப் பூனையை வீட்டுக்கா கொண்டுபோவார்கள்?

அந்த நிலையில்தான் கருப்பட்டியைக் கேட்டு ஒருவர் வந்தார்.

தொழிற்சாலையொன்றில் பாரந்தூக்கி ஓட்டுபவர். வயது நாற்பதுக்குள் இருக்கும். மூன்றாம் ஆண்டு பயிலும் மகளுடன் வந்திருந்தார். என் பள்ளி மாணவியல்லள். அந்தச் சிறுமி மற்றக் கூண்டுகளைப் பார்க்கவே இல்லை. நேரே கருப்பட்டியின் முன்னால் குந்திக்கொண்டு, வாலின் மடிப்பைச் சுட்டிக்காட்டி, "அப்பா, கேள்விக்குறி மாதிரி இருக்கு!" என்றாள்.

எங்களிடம் தத்துப் படிவம் ஒன்று உண்டு. மலாய் மொழியில் இருந்ததைத் தமிழாக்கியவள் நான்தான். சன்னலுக்கு வலை உண்டா, வாடகை வீடாயின் உரிமையாளர் இசைவு உண்டா, தீபாவளிக்கு ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வர் என்றெல்லாம் கேட்கும். எட்டாவது கேள்வி: "இதற்கு முன்னர் பூனை வளர்த்ததுண்டா? அது இப்போது எங்குள்ளது?"

பெரும்பாலோர் அந்த இடத்தில் "வளர்த்ததில்லை" என்றோ, "முதுமையால் இறந்தது" என்றோ எழுதுவார்கள். இவர் இப்படி எழுதியிருந்தார்: "ஒரு பூனை இருந்தது. கதவைத் திறந்து விட்டுவிடுவோம். லாரியில் அடிபட்டுச் செத்தது. தப்பு எங்களுடையது."

நான் பழக்க தோஷத்தால் சிவப்புப் பேனாவை வைத்திருந்தேன். அந்த வரியின் கீழ் ஒரு கோடு இழுத்தேன். சன்னல் வலை என்ற கேள்விக்கும் "இன்னும் இல்லை" என்றே எழுதியிருந்தார். அங்கும் ஒரு கோடு. பிறகு, என் வகுப்புக் குரலில், "மன்னிக்கவும் ஐயா. பாதுகாப்பு உறுதியாக இருக்கும் வீட்டுக்குத்தான் நாங்கள் கொடுக்க முடியும்" என்றேன்.

அவர் வாதாடவில்லை. "சரிங்க டீச்சர்" என்றார். அந்தச் சிறுமி கூண்டுக் கம்பிக்குள் விட்டிருந்த விரலை மெல்ல எடுத்துக்கொண்டாள். இருவரும் நடந்து போனதை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த படிவத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

அந்த அடுத்த படிவம் எல்லா வகையிலும் நிறைவாக இருந்தது. ஒரு கோடும் போட இடமில்லை. அவர்களுக்கு வேறொரு குட்டியைக் கொடுத்தோம். ஐந்து வாரத்தில், சோபாவைக் கீறிவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டுப்போனார்கள்.

இனி அந்த வெள்ளிக்கிழமை இரவுக்கு வருகிறேன்.

தேர்வுத் தாள்களைத் திருத்தி முடித்துவிட்டு, தொலைக்காட்சியின் முன் அமர்ந்து பின்னிக்கொண்டிருந்தேன். நீல நிற நூல். கருப்பட்டி என் காலடியில் உறங்கிக்கொண்டிருந்தது. தங்கையிடமிருந்து அழைப்பு வந்தது. பின்னலை அப்படியே நாற்காலியில் வைத்துவிட்டு, முன்வாசலுக்குப் போய்ப் பேசினேன். அரை மணி நேரம் கழித்து வந்தபோது நூலுருண்டை மேசைக்கடியில் உருண்டு கிடந்தது. நூல் ஓரிடத்தில் அறுந்திருந்தது. 'விளையாடியிருக்கிறது' என்று எண்ணி, சிரித்துக்கொண்டே சுற்றி வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

மறுநாள் கருப்பட்டி உண்ணவில்லை. இருமுறை வாந்தியெடுத்தது. மாலையில் அலமாரிக்குப் பின்னால் போய்ச் சுருண்டுகொண்டது. ஞாயிறு காலையில் தூக்கியபோது வயிற்றைத் தொடவிடாமல் முனகியது.

கால்நடை மருத்துவர் முதலில் அதன் வாயைத் திறந்து நாக்கின் அடியில் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நூல், கயிறு ஏதாவது விழுங்கியிருக்குமா?" என்று கேட்டார்.

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை.

அரை நிமிடம் இருக்கும். என் பக்கத்தில் காக் நின்றுகொண்டிருந்தார். தத்தெடுப்போருக்கு நாங்கள் கொடுக்கும் அறிவுரைத் தாளில் ஏழாவதாக உள்ளது என்ன தெரியுமா? "நூல், ரப்பர் வளையம், நெகிழிப் பை முதலியவற்றைப் பூனைக்கு எட்டும்படி வைக்கலாகாது." அதையும் தமிழாக்கியவள் நான்தான். நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் அந்த வரியை வாய்விட்டுப் படித்துக்காட்டியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம் என்று இதைத்தான் சொன்னார்களோ! 'தெரியவில்லை, எதையோ விழுங்கியிருக்கும்' என்று சொல்லிவிட என் நாக்கு துடித்ததை நான் மறைக்கப் போவதில்லை. மருத்துவர் கேள்வியைத் திரும்பவும் கேட்டார். அப்போதுதான், "பின்னல் நூல். வெள்ளிக்கிழமை இரவு. நான்தான் வெளியே வைத்துவிட்டுப் போனேன்" என்றேன்.

ஊடுகதிர்ப் படத்தில் நூல் தெரியாது. ஆனால் குடல் ஒரு பக்கமாகக் குவிந்து கிடந்தது தெரிந்தது. மருத்துவர் விளக்கினார். பூனையின் நாக்கிலுள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. நூலின் ஒரு முனை உள்ளே போகத் தொடங்கிவிட்டால், அதனால் துப்ப இயலாது, விழுங்கிக்கொண்டே போகும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனையைக் குடல் கீழே தள்ளிக்கொண்டே இருக்கும். நூல் நகராது. குடல்தான் நூலின்மேல் ஏறிச் சுருங்கும். பாவாடை நாடாவை இழுத்தால் துணி கொசுவிக்கொள்வதுபோல. இழுவிசை நீடித்தால் நூல் குடலை அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் முனை தெரிந்தால் ஒருபோதும் பிடித்து இழுக்கக்கூடாது என்றும் சொன்னார். இதை வாசிப்போர் இந்த ஒன்றையாவது நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

அன்றே அறுவை சிகிச்சை நடந்தது. இரைப்பையில் ஓரிடத்திலும் குடலில் ஓரிடத்திலும் திறந்து எடுத்தார்கள். சிறிய எஃகுத் தட்டில் வைத்துக் காட்டினார் மருத்துவர். ஒரு முழ நீளம். நான் வாங்கிய நீல நூல், நிறம் மாறிக் கிடந்தது. இன்னும் ஒரு நாள் கடந்திருந்தால் குடல் கிழிந்திருக்கும் என்றார்.

செலவு 1,900 வெள்ளி. குழுவின் பொதுப்பணத்திலிருந்து எடுக்க வேண்டாம் என்று சொல்லி நானே கட்டினேன். அதைக் கட்டியபோது எனக்கு மனம் இலேசாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பணத்தால் ஆறக்கூடிய குற்றவுணர்ச்சியாக அது இருக்கவில்லை.

அன்றிரவு தனியே அமர்ந்திருந்தபோது, "தப்பு எங்களுடையது" என்ற வரி நினைவுக்கு வந்தது. கேள்வி கேட்ட மருத்துவர் எதிரில் நின்றும், ஓர் உயிர் மேசையில் கிடந்தும், எனக்கு அரை நிமிடம் தேவைப்பட்டது. அந்த மனிதரை யாரும் வற்புறுத்தவில்லை. 'முதுமையால் இறந்தது' என்று எழுதியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. அவர் எழுதினார். நான் அதன் கீழ்ச் சிவப்புக் கோடிட்டேன்.

முப்பது ஆண்டுகளாகக் கட்டுரை திருத்துகிறேன். யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலத்தில், மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்து, பழமொழியும் அடுக்குத்தொடரும் பிசகாமல் எழுதுகிற பிள்ளைக்கு நிறையப் புள்ளிகள் கொடுத்திருக்கிறேன். தன் வீட்டில் நடந்ததைத் தட்டுத்தடுமாறி எழுதுகிற பிள்ளையின் தாளில் சிவப்பு மை நிரம்பிவிடும். அந்தத் தேர்வு 2021இல் அகற்றப்பட்டுவிட்டது. என் கையின் பழக்கம் அகலவில்லை. படிவம் திருத்தும்போதும் அதே கைதான் வேலை செய்திருக்கிறது.

கருப்பட்டிக்குக் கழுத்தில் கூம்புப்பட்டை கட்டி இரண்டு வாரம் வைத்திருந்தேன். மென்மையான உணவைச் சிறுகச் சிறுகக் கொடுத்தேன். தையல் பிரித்தபின் பழையபடி அலமாரிமேல் ஏறத் தொடங்கியது. பிறகு, கோப்பிலிருந்த பழைய படிவத்தைத் தேடியெடுத்து அந்த எண்ணுக்கு அழைத்தேன். காக்கிடம் முன்னமே அனைத்தையும் சொல்லியிருந்தேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "அவரிடம் சொல்லிவிட்டுக் கேள். கேட்டுவிட்டுச் சொல்லாதே" என்று மட்டும் மலாயில் சொன்னார்.

அப்படியே செய்தேன். நூலைப் பற்றியும் அறுவையைப் பற்றியும் முதலில் சொன்னேன். பிறகு, "இன்னமும் உங்களுக்கு விருப்பமிருந்தால்..." என்று தொடங்கினேன். மறுமுனையில் சிறிது நேரம் அமைதி.

"இப்ப எப்படி இருக்கு, நல்லா சாப்பிடுதா?" என்று கேட்டார் அவர். நான் அவரிடம் எதிர்பார்த்த கேள்வி அதுவன்று.

"நல்லாச் சாப்பிடுது."

"அப்ப வந்து வீட்டப் பார்த்துட்டுப் போங்க டீச்சர். நீங்க பார்த்துச் சொன்னா சரி."

அடுத்த சனிக்கிழமை போனேன். மலிவு விலை அடுக்குமாடியின் நான்காம் மாடி. பூனை வளர்க்க நிர்வாகத்தின் தடையில்லை என்பதைக் கேட்டு உறுதி செய்துகொண்டேன். உள்ளே நுழைந்ததும் முதலில் சன்னல்களைத்தான் பார்த்தேன். பழக்கம் எளிதில் போகாது. மூன்று சன்னல்களிலும் பச்சை நிறப் பிளாஸ்டிக் கம்பிவலை, ஒரு சாண் இடைவெளிக்கு ஒன்றாகக் கட்டுப்பட்டை போட்டு இறுக்கியிருந்தது. ஓரங்களில் தூசி படிந்திருந்தது. எனக்காக நேற்றுக் கட்டியதன்று என்பது பார்த்ததும் தெரிந்தது.

"அன்னிக்கு நீங்க இல்லன்னு சொன்ன வாரமே கட்டிட்டோம்" என்றார். "பூனை கெடைக்காட்டியும் கட்டித்தான் ஆகணும்னு பாப்பா ஒரே பிடிவாதம். செத்துப்போனது அவளோட பூனைதான்."

நான் என்ன சொல்வதென்று தெரியாமல் வலையை இழுத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன். உறுதியாகத்தான் இருந்தது. பிறகு திரும்பி, "அன்று நான் அவசரப்பட்டுவிட்டேன் ஐயா. மன்னிக்க வேண்டும்" என்றேன். அவர் கூச்சத்துடன், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க டீச்சர், தண்ணி குடிக்கிறீங்களா?" என்று உள்ளே போய்விட்டார்.

கருத்தடை முடிந்த பிறகு, சென்ற மாதம் கருப்பட்டியைக் கொண்டுபோய் விட்டேன். உடன் அதன் போர்வையையும் எடுத்துச் சென்றேன். இம்முறை குஞ்சமில்லை, ஓரத்தில் தொங்கும் நூலில்லை. முனைகள் ஒவ்வொன்றையும் இரு திசைகளிலும் பலமுறை ஊசியால் உள்ளே கோத்து இழுத்திருந்தேன்.

சிறுமி போர்வையை வாங்கிக்கொண்டாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "டீச்சர், இதுலருந்து நூல் வெளிய வருமா?" என்று கேட்டாள். அப்பா, "ஏய், பாப்பா!" என்று அதட்டினார்.

"இருக்கட்டும் ஐயா, பார்க்கட்டும்" என்றேன்.

அவள் பச்சை வலை கட்டிய சன்னல் அருகே போய், போர்வையை இரு கைகளாலும் விரித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, ஓரம் ஓரமாகப் பார்த்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. முழுதும் பார்த்து முடித்தபின், "சரியா இருக்கு" என்றாள். என் வாழ்நாளில் வாங்கிய மதிப்பெண்களில் அதைப் பெரிதாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் படிவத்தின் எட்டாம் கேள்வியை இப்போது மாற்றியிருக்கிறோம். "உங்கள் பராமரிப்பில் இருந்த விலங்குக்கு எப்போதாவது தீங்கு நேர்ந்ததுண்டா? அதன்பின் நீங்கள் எதை மாற்றிக்கொண்டீர்கள்?" என்று கேட்கிறோம். தயங்குகிறவர்களிடம் என் நீல நூலின் கதையைச் சொல்வேன். அதற்குப் பிறகு பலர் மனம்விட்டு எழுதுகிறார்கள். சிவப்புப் பேனாவை ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்துப்போவதில்லை.

உங்கள் வீட்டிலும் பூனை இருந்தால், தையற்பெட்டிக்கு இன்றே ஒரு மூடி தேடிக்கொள்ளுங்கள். பின்னறையில் குட்டிகள் சத்தம் போடுகின்றன. பால் கரைக்கும் நேரம் வந்துவிட்டது.

மீண்டும் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை